தெற்கு வாசல் வீடு வாடகைக்கு

சென்னை நங்கநல்லூரில் என் பெரியப்பா கட்டிய ஆறு வீட்டுக் கட்டடத்தில் ஒன்று காலியானால், அந்தச் செய்தி முதலில் இஸ்திரி வண்டிக்குத்தான் போகும். யார் வீட்டில் எத்தனை பேர், யாருக்கு மாற்றல் வந்திருக்கிறது, யார் வீடு தேடுகிறார்கள் என்பதெல்லாம் துணி மூட்டையோடு அந்த வண்டிக்கு வந்து சேர்ந்துவிடும். வண்டிக்காரரிடம் ஒரு வார்த்தை, பால் போடுகிறவரிடம் ஒரு வார்த்தை, ஆஞ்சநேயர் கோவில் பக்கத்துப் பூக்காரம்மாவிடம் ஒரு வார்த்தை. இவ்வளவுக்குப் பிறகும் ஆள் வராவிட்டால்தான் மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் ‘டு-லெட்’ பலகை வாசல் கேட்டில் ஏறும். அதற்கும் அசையாவிட்டால் புரோக்கர். குடிவருகிறவரிடம் ஒரு மாத வாடகை அவருக்குக் கமிஷன். சில சமயம் எங்களிடமும் கேட்பார்.

பத்திரிகை விளம்பரத்தைப் பெரியப்பா அவ்வளவாக நம்பியதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ‘தி இந்து’வின் வரி விளம்பரங்களையும், மாம்பலம் டைம்ஸ், அடையார் டைம்ஸ் மாதிரியான வட்டார வார இதழ்களையும் ஒன்று விடாமல் படிப்பார். அக்கம்பக்கத்தில் வாடகை எவ்வளவு போகிறது என்று தெரிந்துகொள்ள. பள்ளி நாட்களில் நானும் பக்கத்தில் உட்கார்ந்து படித்திருக்கிறேன். நீளத்தைப் பார்த்துக் காசு என்பதால் எல்லாவற்றையும் சுருக்கியிருப்பார்கள். இரண்டு படுக்கையறை ‘2 பிஹெச்கே’, முதல் மாடி ‘எஃப்.எஃப்.’, கூரையுள்ள கார் நிறுத்தம் ‘சி.சி.பி.’ ஜன்னல், காற்று, தண்ணீர் எதற்கும் இடமிருக்காது. ‘வெஜ் ஒன்லி’ என்பதற்கு மட்டும் எப்படியோ இடம் கிடைத்துவிடும். சில விளம்பரங்கள் சாதிப் பெயரையே நேராகப் போட்டிருக்கும். வீட்டைப் பற்றி நாலு சொல், வரக்கூடாதவர்களைப் பற்றி இரண்டு சொல். அந்தக் கணக்கு எனக்கு அப்போதே உறுத்தியது.

2012இல் பெரியப்பா போன பிறகு கட்டடம் பெரியம்மா பொறுப்பில் வந்தது. அண்ணன்கள் இருவரும் கலிஃபோர்னியாவில். நான் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளி இருந்தேன். வாடகை ரசீது, ஈ.பி. பில், சம்ப் கழுவுவது என்று ஒவ்வொன்றாக என் கைக்கு வந்தது. அந்த வருஷம் இரண்டாம் மாடியில் தெற்குப் பார்த்த வாசல் உள்ள வீடு காலியாகி அப்படியே நின்றது. எங்கள் பக்கத்தில் கிழக்கு வாசல் என்றால் பார்த்த அன்றே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். தெற்கு என்றால் படியேறி வந்தவர்கள் கூட வாசலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமலே திரும்பிவிடுவார்கள். பெரியவன்தான் போனில் சொன்னான், “நெட்ல போடேன். நான் இங்க வந்த புதுசுல ரூம் பிடிச்சதே கிரெய்க்ஸ்லிஸ்ட்லதான்.”

கிரெய்க் நியூமார்க் என்பவர் 1995இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நண்பர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்ப ஆரம்பித்த ஊர் விசேஷங்களின் பட்டியல், பிறகு வலைத்தளமாகி, அந்த நாட்டில் வாடகை வீடு தேடுவதையே மாற்றிவிட்டிருந்தது. படம் கூட அதிகமில்லாத வெறும் எழுத்துப் பக்கம், ஆனால் எத்தனை வரி வேண்டுமானாலும் எழுதலாம் என்றான் அண்ணன். அவன் போய் இறங்கிய வீட்டின் விளம்பரத்தில் சமையலறைக் குழாய் சொட்டும் என்பது வரைக்கும் எழுதியிருந்ததாம். அது என் மனதில் தங்கிவிட்டது.

இங்கே அப்போது சென்னையிலிருந்தே இயங்கிய சுலேகா இருந்தது. 2005இல் வந்த 99ஏக்கர்ஸ், அதற்கு அடுத்த வருஷம் வந்த மேஜிக்பிரிக்ஸ், குயிக்கர், ஓ.எல்.எக்ஸ். எல்லாம் இருந்தன. இலவசமாகவே போடலாம். நீளத்துக்குக் காசும் கிடையாது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் அதே பழைய தந்தி மொழி. ‘2 பிஹெச்கே, 900 சதுர அடி, நல்ல காற்றோட்டம், 24 மணி நேரத் தண்ணீர், ஃபேமிலி ஒன்லி.’ ஒரு வீட்டுக்கு எழுதியதை எடுத்து இன்னொரு வீட்டுக்குப் போட்டால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. அண்ணா நகருக்கும் அனகாபுத்தூருக்கும் ஒரே விளம்பரம்.

நான் ஒரு சாயங்காலம் டேப்பை எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போனேன். பெரிய படுக்கையறை பத்துக்குப் பதினொன்று. சின்னது ஒன்பதுக்குப் பத்து. ஃப்ரிட்ஜ் வைக்க ஹாலில்தான் இடம், சமையலறையில் இல்லை. வாஷிங் மெஷினுக்குக் குழாய் பின்பக்க பால்கனியில். மாடிப்படி திரும்பும் இடத்தில் பழைய காலத்து மர பீரோ திரும்பாது, ஸ்டீல் பீரோ திரும்பும். ஒவ்வொன்றாக எழுதினேன். சதுர அடியையும் படிக்கட்டு, காரிடார் எல்லாம் சேர்த்த ‘சூப்பர் பில்ட்-அப்’ கணக்கில் போடாமல், கால் வைத்து நடக்கும் இடத்தைத்தான் போட்டேன். வாசல் தெற்கு என்பதை முதல் வரியிலேயே வைத்தேன். “அதை ஏண்டி முதல்ல சொல்றே, வந்து பாத்தா பிடிச்சுப்போயிடும்” என்றாள் பெரியம்மா. வந்து பார்த்துவிட்டுத்தானே இத்தனை பேர் திரும்பிப் போனார்கள்? வாசலைப் பற்றிக் கவலைப்படாதவர்களும் இந்த ஊரில் உண்டு. அவர்களுக்கு இந்த வீடு இருப்பது தெரிய வேண்டும், அவ்வளவுதான். கடைசியில் விமானச் சத்தத்தையும் சேர்த்தேன். ஏர்போர்ட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அதை மறைப்பது எப்படி?

போட்ட கொஞ்ச நேரத்திலேயே போன் அடிக்க ஆரம்பித்தது. பாதிக்கு மேல் புரோக்கர்கள். “மேடம், பார்ட்டி ரெடியா இருக்கு, இன்னைக்கே அட்வான்ஸ் வாங்கித் தரேன்.” ஓனர் மட்டும் என்று குறித்திருந்தாலும் வருவார்கள். அவர்களே ஓனர் என்று சொல்லிக்கொண்டு விளம்பரமும் போடுவார்கள். இவர்களைத் தாண்டிப் பேசியவர்களில் ஒரு கணவன் மனைவி இருந்தார்கள், இருவருக்கும் பழவந்தாங்கல் ஸ்டேஷனில் ரயில் ஏறிப் போகிற மாதிரி கோட்டைப் பக்கம் வேலை. பீரோ திரும்புமா என்று யாரும் எழுதி அவர் பார்த்ததில்லை என்று அந்த அம்மா சொன்னார். அவர்கள்தான் குடிவந்தார்கள். தெற்கு வாசலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதிலிருந்து தெருவில் மற்றவர்களும் என்னிடம் வர ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், வயதானவர்கள் இங்கே, கையில் வாடகை வீடு. நங்கநல்லூரில் இந்தக் குடும்பங்கள் ஏராளம். ‘உங்க பெரியம்மா வீட்டுக்குப் போட்டியே, அது மாதிரி போட்டுக் கொடு’ என்பார்கள். காசு வாங்கியதில்லை. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஒரு வீட்டுக்குள் போய், நாலு சுவரையும் பார்த்து, இதில் குடியிருக்கப்போகிறவருக்கு எது தெரிந்தாக வேண்டும் என்று யோசிப்பது ஒரு நல்ல பயிற்சி.

படம் எடுப்பதில்தான் முதலில் தகராறு வரும். வீட்டுக்காரர்கள் வாசல் கோலத்தையும் பூஜை அலமாரியையும் எடுக்கச் சொல்வார்கள். தேடுகிறவர்கள் பார்ப்பது பாத்ரூமை. அதைக் கழுவி, காயவிட்டு, காலை வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். ஜன்னல்கள் அத்தனையும் திறந்திருக்க வேண்டும். அறை மூலையில் நின்று, மார்பு உயரத்தில் போனைப் பிடித்து எடுத்தால் அறை அதன் அளவில் விழும். அகன்ற கோண லென்ஸில் எடுத்தால் பத்தடி அறை கல்யாண மண்டபம் மாதிரி தெரியும். அதைப் பார்த்து ஆவடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர் கதவைத் திறந்ததும் முகம் சுருங்குவதை ஒரு வீட்டில் பார்த்திருக்கிறேன். அந்தப் படங்களை எடுத்துக் கொடுத்தவர் ஒரு கூலிப் புகைப்படக்காரர். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வீடு பார்க்க வருகிறவரை ஏமாற்ற நமக்கு என்ன உரிமை இருக்கிறது? ஈ.பி. மீட்டர், சம்ப் மூடி, மொட்டை மாடியில் துணிக் கொடி, இவற்றையும் எடுத்துப் போட ஆரம்பித்தேன். அழகில்லைதான். ஆனால் போனில் வரும் கேள்விகள் பாதியாகக் குறைந்தன.

எப்போது போடுவது என்பதற்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் எங்கள் பக்கத்தில் யாரும் வீடு மாறமாட்டார்கள். இந்த இரண்டு மாதங்களில் விளம்பரம் போட்டால் வெறுமனே அடியில் போய்ப் படியும், புதுசு புதுசாக மேலே வந்துகொண்டே இருக்கும். ஆனால் ஆடி கடைசி வாரத்தில் போட்டால் ஆவணியில் பால் காய்ச்ச நினைக்கிறவர்கள் அப்போதே தேட ஆரம்பித்திருப்பார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் ஏப்ரல், மே. பார்க்க வருவதற்குச் சனி, ஞாயிறு என்பதால் வெள்ளி இரவே விளம்பரம் ஏறிவிட வேண்டும். சாவியை வெள்ளிக்கிழமை கொடுத்துவிட்டுக் காலி செய்ய யாரும் சம்மதிக்க மாட்டார்கள் என்பதும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

அட்வான்ஸ் விஷயம் இவ்வளவு சுலபமில்லை. சென்னையில் பத்து மாத வாடகை அட்வான்ஸ் என்பது எழுதாத சட்டமாக இருந்தது. 10,000 ரூபாய் வாடகைக்கு ஒரு லட்சம். பெங்களூரும் அப்படித்தான் என்பார்கள். மும்பை, டெல்லியிலிருந்து மாற்றலாகி வருகிறவர்கள் போனிலேயே மூச்சை இழுத்துக்கொள்வது கேட்கும். பெரியப்பா அந்தப் பணத்தை அப்படியே பிக்சட் டெபாசிட்டில் போட்டு வைப்பார். காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார். நிறையப் பேர் அப்படி வைப்பதில்லை. மகள் கல்யாணத்துக்கோ மேல் மாடி கட்டவோ செலவாகிவிடும். பிறகு பழைய குடித்தனக்காரருக்குத் திருப்பிக் கொடுக்கப் புதுக் குடித்தனக்காரரின் அட்வான்ஸ் வந்தாக வேண்டும். விளம்பரம் போட என்னைத் தேடி வருகிறவர்களின் அவசரத்துக்குப் பல சமயம் இதுதான் காரணம். காலி செய்துவிட்டு, கொடுத்த பணம் வராமல், புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டக் கடன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017இல் தமிழ்நாடு புதுச் சட்டம் கொண்டுவந்தது. அது 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது, எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்றது. ஆடிட்டர் ஆபீசில் அதைப் படித்த அன்றே பெரியம்மாவிடம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பத்து மாத அட்வான்ஸில் அவளுக்குக் கிடைக்கும் வட்டி எவ்வளவு, வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் போவது எவ்வளவு. காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “சரி, மூணே போடு” என்றாள். அந்த மூன்று மாதம் என்ற வரிக்கு வந்த அழைப்புகளைப் போல அதற்கு முன்பு எந்த வரிக்கும் வந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷமான பிள்ளைகள், சேமிப்பு என்று ஒன்றும் இல்லாமல் நல்ல சம்பளம் மட்டும் உள்ளவர்கள், கணவரைப் பிரிந்து குழந்தையோடு வீடு தேடிய ஒரு பெண். பத்து மாத அட்வான்ஸ் இவர்களையெல்லாம் வாசலுக்கே வரவிடாமல் வைத்திருந்தது.

தண்ணீரைப் பற்றி என்ன எழுதுவது என்பதை இந்த ஊரின் இரண்டு வருஷங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தன. 2015 டிசம்பர் மழையில் அடையாறு கரை புரண்டு விமான நிலையமே சில நாட்கள் மூடிக் கிடந்தது. பழவந்தாங்கல் சுரங்கப்பாதை சாதாரண மழைக்கே நிரம்பக்கூடியது. அந்த வருஷம் கேட்கவே வேண்டாம். அதன் பிறகு போனில் முதல் கேள்வி வாடகை அல்ல, “2015ல தண்ணி வந்ததா?” எங்கள் தெருவில் முழங்கால் அளவு நின்றது, கார் நிறுத்துமிடத்தில் ஏறியது, தரைத்தள வீட்டுக்குள் வரவில்லை. அதை அப்படியே எழுதினேன். பிறகு 2019 வந்தது. பூண்டி, புழல், சோழவரம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்தக் கோடையில் கூட ‘24 மணி நேரத் தண்ணீர்’ என்று விளம்பரங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. நான் எழுதியது வேறு. சம்ப் எத்தனை லிட்டர் கொள்ளும், போர் எத்தனை அடி, மெட்ரோ தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை, லாரி வாங்கினால் யார் பணம் கட்டுவது. பக்கத்துத் தெரு மாமா ஒருவர் கோபித்துக்கொண்டார். “லாரி வாங்க வேண்டியிருக்கும்னு போட்டா எவன் வருவான்?” என்றார். ஜூன் மாதத்தில் அந்த விளம்பரத்துக்கு ஆள் வந்தார்கள். தண்ணீர் இருக்கிறது என்று சொன்ன வீட்டுக்குப் போய், இரண்டாம் வாரமே பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்ற ஒரு குடும்பம்தான் வந்தது.

மோசடியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பெரியம்மா கைக்கு ஸ்மார்ட்போன் வந்த பிறகு ஒரு மதியம் விளம்பரத்தைப் பார்த்து ஒருவர் அவளை அழைத்தார். சி.ஐ.எஸ்.எஃப்.பில் வேலை, சென்னை ஏர்போர்ட்டுக்கு மாற்றல், மனைவியும் குழந்தையும் அடுத்த வாரம் வருகிறார்கள், வீட்டை நேரில் பார்க்க லீவு இல்லை, படமே போதும். அடையாள அட்டை, சீருடைப் படம் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தது. ஏர்போர்ட்டுக்குப் பக்கத்து ஊரில் இதைவிட நம்பும்படியான கதை ஏது? அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன் கணக்கைச் சரிபார்க்க ஒரு ரூபாய் அனுப்பச் சொன்னார். அனுப்பினாள், இரண்டு ரூபாயாகத் திரும்பி வந்தது. அடுத்து அட்வான்ஸ் தொகைக்கு ஒரு கியூஆர் கோடு வந்தது. ‘இதை ஸ்கேன் செய்து உங்கள் பின் நம்பரைப் போட்டால் பணம் உங்களுக்கு வந்துவிடும்.’ கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் நான் உள்ளே நுழைந்தேன். யூபிஐயில் பணம் வாங்க ஒருநாளும் பின் போட வேண்டியதில்லை, பின் போட்டால் நம் கணக்கிலிருந்துதான் போகும். இதைப் பெரிய எழுத்தில் எழுதி அவள் போன் வைக்கும் அலமாரியில் ஒட்டினேன், கீழே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணும். விளம்பரம் எழுதிக் கொடுக்கும் வீட்டிலெல்லாம் இன்றும் அதை முதலில் சொல்கிறேன். தனியாக இருக்கும் வயதானவர்களின் எண்தானே அங்கே வெளிச்சத்தில் கிடக்கிறது!

இன்னொன்று இதைவிட மனதைக் கலக்கியது. ஒரு ஞாயிறு காலை, மதுரைப் பக்கத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்த ஒரு குடும்பம் பையும் பாத்திரமுமாகப் பெரியம்மா வீட்டு வாசலில் நின்றது. கையில் இருந்த போனில் நான் எடுத்த படங்கள். அதே ஹால், அதே பால்கனி, மொட்டை மாடித் துணிக் கொடி கூட அதே. எண் மட்டும் வேறு, வாடகை பாதிக்கும் கீழே. வீடு கையை விட்டுப் போய்விடும் என்று அவசரப்படுத்தி டோக்கன் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார்கள். அந்த எண் காலையிலிருந்து அணைந்து கிடந்தது. அந்தக் குடும்பத்துப் பையன் மறுநாள் கிண்டியில் வேலையில் சேர வேண்டும். பெரியம்மா அவர்களை உள்ளே கூப்பிட்டு இட்லி ஊற்றினாள். புகாரை நான் பதிந்து கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் தெருவில் விசாரித்து வேறு ஒரு ஒற்றைப் படுக்கையறை வீடு பிடித்துக் கொடுத்தோம். பிடித்துக் கொடுத்தது இஸ்திரி வண்டிக்காரர். படங்களைப் போட்டிருந்த தளத்துக்கு எழுதினேன், போலி விளம்பரத்தை எடுக்க நாட்கள் ஆயின. அன்றிலிருந்து என் ஒவ்வொரு படத்தின் நடுவிலும் தெருப் பெயரும் தேதியும் குறுக்கே எழுதியிருக்கும். விளம்பரத்தின் கடைசி வரி எப்போதும் ஒன்றே: ‘வீட்டை நேரில் பார்க்காமல் யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள், எங்களுக்கும்.’

இனி, நான் எழுதாமல் விட்ட வரியைப் பற்றி.

இணையத்தில் விளம்பரம் ஏற்றும்போது தளமே வரிசையாகக் கேட்கும். எத்தனை அறை, எந்த மாடி, பார்க்கிங் உண்டா. அதே வரிசையில், அதே எழுத்தில், யாருக்குக் கொடுப்பீர்கள்? குடும்பமா, பேச்சுலரா, கம்பெனியா? அசைவம் சமைக்கலாமா? லிஃப்ட் உண்டா என்பதற்குப் பக்கத்திலேயே இதற்கும் ஒரு கட்டம். பெரியப்பா காலத்தில் இதைச் சொல்ல வேண்டுமானால் ஒரு மனிதரை வாசலில் நிறுத்தி, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்லத் தயங்கி, ‘வீடு போயிடுச்சே’ என்று பொய் சொன்னவர்கள் உண்டு. அந்தத் தயக்கம் கூட இப்போது தேவையில்லை. ஒரு டிக் அடித்தால் போதும், அவர்கள் கண்ணில் வீடே படாது. சுகதேவ் தோரட்டும் சக ஆய்வாளர்களும் டெல்லிச் சுற்றுவட்டாரத்தில் வாடகை வீடு தேடுகிறவர்கள் சாதியாலும் மதத்தாலும் எப்படித் திருப்பி அனுப்பப்படுகிறார்கள் என்று ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். அதைப் படித்தபோது அது ஏதோ தூரத்து ஊர்க் கதையாக எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் குடும்பம் சைவம். பெரியம்மா அந்தக் கட்டத்தில் ‘அசைவம் கூடாது’ என்று டிக் அடிக்கத்தான் சொன்னாள். நான் மறுத்தேன். பெரிய சண்டை. அவள் சொன்னது இரண்டே விஷயம், வாசனை வரும், நாலு பேர் என்ன சொல்வார்கள். கட்டடத்தில் ஆறு சமையலறை இருக்கிறது, எல்லாவற்றுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுத் தருகிறேன் என்று நான் சொன்னேன். பெரிய அண்ணனையும் போனில் பிடித்தேன். அவன் இருக்கும் நாட்டில் மதத்தைச் சொல்லி ஒரு வரி எழுதினாலே சட்டவிரோதம். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரலில் கையெழுத்தான வீட்டுவசதிச் சட்டம், நிறத்தையோ மதத்தையோ பிறந்த நாட்டையோ சொல்லி வாடகை விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. 1988இல் குழந்தைகள் உள்ள குடும்பங்களையும் அந்தப் பாதுகாப்பில் சேர்த்தார்கள். கிரெய்க்ஸ்லிஸ்டில் அப்படிப்பட்ட விளம்பரங்கள் வந்தபோது சிகாகோவில் வழக்குப் போட்டார்கள். பயனர்கள் எழுதியதற்குத் தளம் பொறுப்பல்ல என்று 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது, ஆனால் எழுதியவரின் பொறுப்பு அப்படியே நின்றது. இங்கே தனியார் வாடகை விளம்பரத்துக்கு அப்படியொரு சட்டம் இல்லை. அண்ணன் அம்மாவிடம் சட்டமெல்லாம் பேசவில்லை. “அம்மா, நான் வந்த புதுசுல என் பேரைக் கேட்டுட்டு நாலு பேர் போனை வச்சுட்டாங்க. உன்கிட்ட சொல்லல” என்றான். பெரியம்மா அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாள் அந்தக் கட்டத்தை விட்டுவிடச் சொன்னாள்.

சில மாதம் கழித்து ஓர் இளைஞர் அழைத்தார். பெயரைச் சொன்னார். அடுத்த வாக்கியம், “நாங்க முஸ்லிம் மேடம், பரவாயில்லையா?” வாடகை கேட்கவில்லை, அறை எத்தனை என்று கேட்கவில்லை, தண்ணீர் வருமா என்று கேட்கவில்லை. எத்தனை பேரிடம் அடிபட்டிருந்தால் ஒரு மனிதர் இதை முதல் கேள்வியாக வைத்துக்கொள்வார்! “வீட்டை வந்து பாருங்க சார், மாடி ஏறணும், லிஃப்ட் கிடையாது” என்றேன். மனைவியோடு வந்தார். பெரியம்மா காபி கொடுத்தாள். அவர்களுக்கு வீடு பிடித்திருந்தது, ஆனால் அந்தப் பெண்ணுக்குச் செங்கல்பட்டில் வேலை, இங்கிருந்து தினமும் போய்வருவது கஷ்டம் என்று தாம்பரம் தாண்டிப் பார்த்துக்கொண்டார்கள். வேண்டாம் என்று முடிவு செய்தது அவர்கள், அதுவும் ரயில் நேரத்தைப் பார்த்து. வாடகை வீடு தேடுகிற எல்லோருக்கும் அந்த உரிமை கிடைக்க வேண்டும் என்பதைத் தவிர நான் வேறொன்றும் கேட்கவில்லை.

பேச்சுலர்கள் விஷயத்தில் தெரு இன்னும் மாறவில்லை. நான் எழுதிக் கொடுக்கும் வீட்டுக்காரர்களில் சிலர் இப்போதும் ‘குடும்பம் மட்டும்’ என்றுதான் கேட்கிறார்கள். அப்படியென்றால் வேறு யாரிடமாவது எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். இரவு எட்டு மணிக்கு மேல் பாட்டு வேண்டாம், மொட்டை மாடி பத்து மணிக்குப் பூட்டப்படும், குப்பையைப் பிரித்துப் போட வேண்டும் என்று விதிகள் எழுதலாம். அவை எல்லோருக்கும் பொது. வயதான தம்பதிக்கும் ஐடி பையன்களுக்கும் அதே விதிதான்.

2016இல் நங்கநல்லூர் ரோடு மெட்ரோ ஸ்டேஷன் திறந்த பிறகு வாடகை ஏறியதும், கொரோனாவில் பல வீடுகள் காலியாகி வீடியோ காலில் காட்டியதும், நோபுரோக்கர் மாதிரியான தளங்கள் வந்து, புரோக்கரைத் தவிர்க்கப் பணம் கட்டும் காலம் வந்ததும் எல்லோரும் அறிந்தவை. எனக்கு முக்கியமாகப் பட்ட மாற்றம் வேறு. இப்போதெல்லாம் விளம்பரத்தை நான் எழுதுவதற்கு முன், காலி செய்து போகிறவரிடம் கேட்கிறேன். வீட்டுக்காரருக்கு வீட்டின் விலை தெரியும். எனக்கு அதன் அளவு தெரியும். மே மாதப் பிற்பகலில் எந்தச் சுவர் சுடும் என்பது குடியிருந்தவருக்குத்தான் தெரியும்.

போன வைகாசியில் தெற்கு வாசல் வீடு மறுபடி காலியானது. காலி செய்த அம்மா பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டே சொல்லச் சொல்ல நான் போனில் தட்டினேன். “கிச்சன் ஜன்னல் மேற்குப் பாத்தது, ரெண்டு மணிக்கு மேல நின்னு சமைக்க முடியாது, எழுதிக்கோங்க. சின்ன பெட்ரூம்ல ஜியோ சிக்னல் வராது. மூணாவது ஃப்ளைட்டுக்கு அப்புறம் சத்தம் பழகிடும்னு போடுங்க. மொட்டை மாடி வடாம் காயவைக்க நல்ல இடம், அதையும் போடுங்க.” எல்லாவற்றையும் போட்டேன். தெற்கு வாசலை முதல் வரியில், மூன்று மாத அட்வான்ஸை இரண்டாவதில். வெள்ளி இரவு ஏற்றினேன். சனிக்கிழமை காலை ஏழரைக்கு ஒரு பெண்ணின் குரல், பின்னால் பஸ் சத்தம்.

“மேடம், கிச்சன் ஜன்னல் மேற்குன்னு போட்டிருக்கீங்க. பின்னாடி பால்கனியும் மேற்குதானே? சாயந்தரம் வேலைக்குப் போயிட்டு வந்து துவைச்சா துணி காயுமா?”

“பால்கனி கிழக்குங்க. காலைல போட்டா காயும். சாயந்தரம்னா மாடிக்குத்தான் போகணும், பத்து மணிக்குப் பூட்டிடுவோம்.”

“பத்தரைன்னு வைக்க முடியுமா? சில நாள் எனக்கு ஷிஃப்ட்டு முடிஞ்சு வரவே ஒன்பதேமுக்கால் ஆயிடும்.”

பெரியம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.